இந்த வயசுல எதுக்கு

பாயிலோ கட்டிலிலோ காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். முட்டியை மடக்காமல், நீட்டிய கால் நீட்டியபடியே இருக்க, குதிகாலை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். முடிந்திருக்கும். இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இது ஒரு வேலையே இல்லை. 2023 ஐப்பசியில் பத்து நாள் என்னால் இது முடியவில்லை. அந்தப் பத்து நாளும் என்னைப் பார்க்க வந்தவர்கள் ஏராளம். ஒருவருக்கும் இப்படித் தூக்கச் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை.

கீரனூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. விடிய விடியப் பெய்த மழை ஓய்ந்திருந்த காலை. வாசல்படியில் இறங்கும்போது வலது கால் பாசியில் வழுக்கியது. சட்டென்று திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஊன்றிய கால் மடங்கிக்கொண்டே போகிறது. விழாமல் நிற்க உடம்பு அதே காலை இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறிக்கு நடுவில் காய்ந்த முருங்கைக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வலி வந்தது, ஆனால் என்னைப் பயமுறுத்தியது வலி இல்லை. எழுந்திரு என்று மனசு சொல்கிறது, முட்டிக்குக் கீழே இருக்கிற கால் அதைக் கேட்கவில்லை. வேறு யாருடைய காலோ போலக் கிடந்தது.

தெருவே கூடிவிட்டது. சுளுக்கு என்றார் ஒருவர். எண்ணெய்க் கட்டுப் போட்டால் ஒரு வாரத்தில் சரியாகும் என்றார் இன்னொருவர். நல்ல மனசோடு ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டும் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் முறிவு இல்லை என்று தெரிந்ததும் எல்லோர் முகத்திலும் நிம்மதி. மீள்பட்டையைச் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். எலும்பு முறியாவிட்டால் எதுவும் ஆகவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். படித்தவளாகிய நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் புதுக்கோட்டையில் பார்த்த ஓர் இளம் எலும்பு மருத்துவர்தான் கட்டை அவிழ்த்துவிட்டு, "அம்மா, காலை நீட்டினபடியே மேலே தூக்குங்க" என்றார். முக்கிப் பார்த்தேன். தொடை லேசாகத் துடித்ததே தவிரக் குதிகால் எழும்பவில்லை. முட்டிச் சில்லுக்கு மேலே விரலை வைத்து மெல்ல அழுத்தினார். அங்கே ஒரு பள்ளம். என் விரலையும் பிடித்து அதில் வைத்தார். ஒன்பது நாளாக என் உடம்பிலேயே இருந்த பள்ளம் அது, வீக்கத்துக்குள் மறைந்திருந்தது. "நாண் அறுந்திருக்கும்மா" என்றார். ஸ்கேன் அதை உறுதிசெய்தது.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் நரம்பு என்றுதான் பெயர். விளையாட்டுப் பிள்ளைகள் முட்டியில் அடிபட்டு வந்தால் ஜவ்வு என்பார்கள். இது இரண்டும் இல்லை, தசைநாண். தொடையின் முன்பக்கத்து நான்கு தசைகளும் கீழே வந்து ஒரே தடித்த நாணாகச் சேர்ந்து முட்டிச் சில்லின் மேல் விளிம்பைப் பிடித்திருக்கின்றன. சில்லுக்குக் கீழிருந்து இன்னொரு நாண் கீழ்க்கால் எலும்புக்குப் போகிறது. கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொண்டால் புரியும். சில்லுதான் கப்பி, நாண்தான் கயிறு, தொடைத்தசைதான் இழுக்கிற கை. கயிறு அறுந்தால் இழுக்கிற கையில் எவ்வளவு பலம் இருந்தும் வாளி மேலே வராது. அறுந்த கயிற்றின் மேல்நுனி நாளாக ஆக மேலேயே சுருண்டு போகும். இரண்டு மூன்று வாரத்துக்குள் பிடித்துத் தைத்துவிட்டால் நல்லது. அதற்கு மேல் போனால் நுனியை இழுத்துவருவதே பெரும்பாடு என்று மருத்துவர் சொன்னார். எலும்பு முறிவில் அசையாமல் கட்டி வைத்தால் எலும்பு தானாகக் கூடும். முழுதாக அறுந்த இந்த நாண் அப்படிக் கூடாது. கட்டுப்போட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எது எதற்கு என்ற தெளிவுதான் எங்களுக்கு இல்லாமல் போனது.

ஏன் அறுந்தது என்று கேட்டேன். எனக்குச் சர்க்கரை வந்து 18 வருடம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, நெடுநாள் ஸ்டீராய்டு இவையெல்லாம் நாணை உள்ளுக்குள் நைந்துபோக வைக்கும். அந்தப் புரட்டாசியில் மருந்துக்கடையில் நானாகவே கேட்டு வாங்கி விழுங்கிய ஒரு மாத்திரையைப் பற்றியும் மருத்துவர் விசாரித்தார். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் 60 வயதைத் தாண்டியவர்களின் நாணைப் பாதிக்கக்கூடும். பெரும்பாலும் குதிகால் நாண்தான் அடிவாங்கும், மற்றவையும் தப்பாது. 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென்றே கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. என் விஷயத்தில் அதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்குவதை அன்றோடு விட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

அறுவை சிகிச்சை என்றதும் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. என் கூடப்பிறந்தவர், எனக்கு மூத்தவர், சொன்னார்: "66 வயசாச்சு தங்கச்சி. பென்ஷன் வருது, பாத்துக்க மருமக இருக்கா. இந்த வயசுல எதுக்குக் கத்தி? ஒரு கம்பை ஊண்டிக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்துட்டுப் போயேன்." கண் கலங்கிச் சொன்னார். அதில் பாசத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 'எதுக்கு' என் காதில் விழுந்தபோது, முப்பது வருடம் முந்தைய ஒரு குரல் கூடவே கேட்டது.

1991. எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய வருடம். அப்போது எனக்கு 34 வயது, நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மாலையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு எங்கள் தெருப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். எங்கள் ஊரில் அன்றைக்கு எழுந்த கேள்வியும் இதேதான்: பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்? அப்பா கேட்டார், அண்ணன் கேட்டார், மாமியார் கேட்டார். யாரும் விரோதியாகக் கேட்கவில்லை. விழுந்து கால் கையை முறித்துக்கொள்வாளே என்ற கரிசனத்தோடுதான் கேட்டார்கள். நாங்கள் கம்மாய்க்கரையில் ஓட்டிப் பழகினோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. ஆண்கள் சைக்கிளில், பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஏறினோம். பிறகு அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதுவே வசதி என்று ஆனது. 1992 மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் போனார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த லட்சத்தில் நான் ஒருத்தி. நான் பின்னால் கேரியரைப் பிடித்து ஓடி ஓடிப் பழக்கிவிட்டவர்கள் பதினேழு பேர்.

அந்த நினைப்பு வந்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள் அறுவை சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். காது மட்டும் விழித்திருந்தது. துளைபோடும் கருவியின் சத்தம் கேட்டது. சில்லில் மேலிருந்து கீழாக மூன்று துளை போட்டு, நாணில் கோத்த தடித்த இழைகளை அதன் வழியாக இழுத்து முடிந்தார்கள் என்று பிறகு படம் போட்டுக் காட்டினார்கள். நெல்லு மூட்டையைக் கோணி ஊசியால் தைப்பதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. முன்னெல்லாம் இதற்குத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கோ திருச்சிக்கோ போகவேண்டும். 2017-இல்தான் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஊருக்குப் பக்கத்தில் எலும்பு மருத்துவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது காலை நீட்டிப் படுத்திருக்கிறவளுக்குத்தான் தெரியும்.

சிங்கப்பூரில் இருக்கிற மகன் போனில் ஒரு கதை சொன்னான். 1997 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் ஃப்ளோரிடாவில் கோல்ஃப் வீரர் கிரெக் நார்மன் வீட்டுப் படியில் இறங்கும்போது தடுமாறி, இதே நாணை, இதே வலது முட்டியில் அறுத்துக்கொண்டாராம். ஒரு வாரத்தில் சக்கர நாற்காலியிலேயே ஹெல்சிங்கி போய் ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சினோடு பேச்சு நடத்தினாராம். அவருக்கு அப்போது 50 வயது. இந்த வயதில் எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எனக்கு அந்தச் செய்தி தந்த தைரியம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆறு வாரம் கால் மடங்கக்கூடாது. தொடையிலிருந்து கணுக்கால் வரை நீண்ட பெல்ட். வாக்கரைப் பிடித்து நடக்கலாம், ஆனால் கட்டை மாதிரி நீட்டிய காலோடு. எங்கள் வீட்டுக் கழிப்பறை குத்தவைத்து உட்காருகிற பழைய வகை. அதன்மேல் துளையிட்ட நாற்காலியை வைத்து, நீட்டிய காலுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு மருமகள் ஏற்பாடு செய்தாள். இதையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் முட்டி அடிபட்ட வயதானவர்களை முதலில் உடைப்பது இந்த இடம்தான். கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அதிலிருந்து வேறு கோளாறுகள் தொடங்குகின்றன. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், யாரும் விழுவதற்கு முன்பே ஒரு மேல்நாட்டுக் கழிப்பறையும் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்துவிடுங்கள்.

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரே வாக்கியத்தையும்: "எல்லாம் பாத்தாச்சு டீச்சர், இனிமே நிம்மதியாப் படுத்து ரெஸ்ட் எடுங்க." மருமகள் தண்ணீர்ச் செம்பைக்கூட எட்டி எடுக்கவிடவில்லை. "அத்தை, நீங்க உக்காருங்க, நான் எதுக்கு இருக்கேன்?" அவள் தங்கமானவள். ஆனால் அப்படி ஒரு பதினைந்து நாள் படுத்திருந்ததில் என் வலது தொடை, இடது தொடையைவிட நான்கு விரற்கடை மெலிந்துவிட்டது.

அதை அளந்து காட்டியது வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயதுக்காரி. சேலை பார்டரை அளக்கிற டேப்பால் இரண்டு தொடையையும் அளந்துவிட்டு, ஒரு துண்டைச் சுருட்டி என் முட்டிக்கு அடியில் வைத்தாள். "இதை அமுக்குங்கம்மா. பத்து எண்ணுங்க. விடுங்க."

அமுக்கினேன். எண்ணினேன். தொடையில் ஓர் அசைவும் இல்லை. அறுவை முடிந்த முட்டியைச் சுற்றி வீக்கமும் வலியும் இருக்கும்போது தசை தன்னைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். மூளை அனுப்புகிற கட்டளை அதை எட்டாதாம். சோம்பல் இல்லை, பயம் இல்லை, பாதை அடைபட்டுக் கிடக்கிறது என்று அவள் விளக்கினாள். தொடையையே பார்த்துக்கொண்டு, கையால் தொட்டுக்கொண்டு, மறுபடியும் மறுபடியும் முயலச் சொன்னாள்.

அறிவொளியில் என்னிடம் படித்த ஓர் அம்மாயி நினைவுக்கு வந்தார். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற கை அவருடையது. அந்தக் கையால் பென்சிலைப் பிடித்து அ போட முடியவில்லை. விரல் அப்படியே விறைத்து நிற்கும். கன்னத்தில் வியர்வை வழியும். நான் பொறுமையில்லாமல் ஒருமுறை, "இவ்வளவு லேசான வேலைதானே" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் பென்சிலைக் கீழே வைத்தார். லேசான வேலை என்று ஒன்று இல்லை என்பது முப்பத்திரண்டு வருடம் கழித்து, சுருட்டிய துண்டின் மேல் எனக்குத் தெரிந்தது. நாற்பதாவது தடவையோ ஐம்பதாவது தடவையோ தொடையில் ஒரு சின்ன இழுப்பு தெரிந்தது. மீன் துள்ளி அடங்குவது மாதிரி. அம்மாயியின் முதல் அ-வைப் பார்த்து அன்றைக்குக் கைதட்டினேன். இன்றைக்கு இந்தப் பிள்ளை எனக்குக் கைதட்டியது.

ஆறு வாரம் முடிந்து மடக்கத் தொடங்கினோம். அவள் கையில் ஒரு கோணமானி. ஜியோமெட்ரி பாக்ஸில் இருப்பதற்கு இரண்டு கை முளைத்த மாதிரி இருந்தது. முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் கோணம் வரைந்தவளுக்கு அதைப் பார்த்ததும் பழைய சிநேகிதியைப் பார்த்த சந்தோஷம். முதல் நாள் 30 டிகிரி. சமதரையில் நடப்பதற்கே ஏறக்குறைய 60 வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ 90-க்கும் மேலே. சைக்கிள் மிதிக்க 110. சம்மணம் போட, குத்தவைக்க 130-ஐத் தாண்ட வேண்டும். குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. செங்கோணம் வந்த அன்று நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்தேன். பெரிய விருந்து அது.

அவசரமும் ஆகாது. பிறகு அந்தப் பிள்ளையோடு பயிற்சி செய்யப் போன புதுக்கோட்டை பிசியோதெரபி அறையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். மாடுபிடிக்காரர். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு எங்கள் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில் நடக்கும். அதற்குள் எழுந்துவிடவேண்டும் என்று துடித்தவர். சின்ன வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் சில்லுக்குக் கீழே இருக்கிற நாண் அறும், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மேலே இருப்பது அறும் என்று சொன்னார்கள். அவருக்குக் கீழே. மூன்றாம் வாரமே பெல்ட்டைக் கழற்றிப்போட்டுவிட்டுப் பைக் ஓட்டியிருக்கிறார். தையல் விட்டுவிட்டது. இரண்டாம் தடவை தைத்தார்கள். அந்தத் தம்பி பக்கத்து மேசையில் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து பத்து எண்ணுவார். "அம்மா, உங்களை மாதிரி ஒரு ஆறு வாரம் சும்மா கெடந்திருக்கலாம்" என்றார். நான் சும்மா கிடந்ததால் தொடை கரைந்த கதையை அவருக்குச் சொன்னேன். எப்போது அசையாமல் இருப்பது, எப்போது அசைப்பது என்பதை எங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் விருப்பம் சொல்லித்தரவில்லை. கோணமானி வைத்திருந்த அந்தப் பிள்ளைதான் சொன்னது.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். உடம்பின் பாரத்தைத் தொடைத்தசை நீண்டுகொண்டே தாங்கவேண்டியிருக்கிறது. என் நாண் அறுந்ததும், கிளின்டனுக்கு அறுந்ததும் இறங்கும்போதுதான்.

ஐந்தாம் மாதம் அந்த அறையில் நின்ற இடத்திலேயே ஓடுகிற சைக்கிளில் ஏற்றினார்கள். பெடல் பாதிவரை போய் நின்றுவிட்டது. முன்னும் பின்னுமாகத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டச் சொன்னார்கள். ஒன்பது நாள் ஆட்டினேன். பத்தாம் நாள் முட்டிக்குள் ஏதோ இளகி, பெடல் ஒரு முழு வட்டம் சுற்றி வந்தது. அந்தப் பிள்ளையிடம் அறிவொளியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. அவள் பிறந்ததிலிருந்தே பெண்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவளுக்கு அது ஓர் அதிசயமாகத் தெரியாமல் போகவேண்டும் என்பதற்காகத்தானே ஓடினோம்.

இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. 120 டிகிரி மடங்குகிறது. சம்மணம் வரவில்லை, இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். கோலத்தை நின்றபடி குனிந்து போடுகிறேன். சைக்கிளை ஓட்டுவதில்லை, விழுந்தால் அந்த நாண் இன்னொரு முறை தாங்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்ததால் நானே நிறுத்திக்கொண்டேன். ஆனால் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக் காற்றடித்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் அதைப் பிடித்து உருட்டிக்கொண்டு கம்மாய்க்கரையில் நடக்கிறேன். கம்பைவிட அது எனக்கு நல்ல துணை. மருமகளும் இப்போது செம்பை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, நான் எழுந்து எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் கரையில் போய்க்கொண்டிருந்தபோது, கீழத்தெரு மதினி களத்துமேட்டில் விழுந்துவிட்டார் என்று அவர் பேத்தி ஓடிவந்து சொன்னாள். அவர் வீட்டுக்கு உருட்டிக்கொண்டே போனேன். முட்டி பந்து மாதிரி வீங்கியிருக்கிறது. அவர் மகன் எண்ணெய்க் கட்டுக்கு ஆட்டோ சொல்லிக்கொண்டிருந்தான். எழுபது வயதில் எதற்கு ஆஸ்பத்திரி, அலைச்சல் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

சைக்கிளைத் திண்ணையில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முட்டிச் சில்லுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தேன். வீக்கத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"மதினி, காலை நீட்டுங்க. மடக்காம, அப்படியே மேலே தூக்குங்க பாப்போம்."

"வலிக்குது டீச்சர்."

"வலிக்கட்டும். தூக்குங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கினார். குதிகால் பாயைவிட்டு எழும்பி, நடுங்கிக்கொண்டே ஒரு சாண் உயரத்தில் நின்றது. நான் பத்து வரைக்கும் எண்ணினேன். பிறகு அவர் மகனிடம், எதற்கும் காலையில் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடு, வண்டியில் நானும் வருகிறேன் என்று சொன்னேன்.